மூன்றாம் ஆல்பர்ட்

வில்சன் கார்டன் கிடங்கில்
நாங்கள் மூன்று ஆல்பர்ட்டுகள்.
ஸ்கேனரின் சின்னத் திரையில்
தகப்பன் பெயருக்கு இடமில்லை.
நாகேந்திரப்பா மார்க்கர் பேனாவால்
சட்டை முதுகில் எண் போட்டுவிட்டார்.
சாம்பியன் ரீஃபிலிருந்து விடியலில் ரயிலேறி வரும்
சவரிமுத்து மகன், ஒன்று.
மங்களூர் லோபோ, இரண்டு.
லிங்கராஜபுரத்து நான், மூன்று.

"ராஜ பரம்பரை மாதிரி இருக்குடா" என்றான் லோபோ.
மழை. பார்சல்கள் மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டே
"ஆனா இங்கிலாந்துல
ஆல்பர்ட்னு ஒரு ராஜா கிடையாது, தெரியுமா?"

இளவரசர்கள் உண்டாம், ஏராளமாய்.
செத்த புருஷன் பெயரை
பிள்ளை பேரன் எல்லோர் மேலும்
முத்திரை குத்தினாள் விக்டோரியா.
மூத்தவன் ஆல்பர்ட் எட்வர்ட்.
அறுபதை நெருங்கும்போது கிரீடம் வந்ததும்
முன்பாதியைக் கழற்றி வைத்துவிட்டான்.
கப்பன் பூங்காவில் நிற்பது
மீதிப் பாதி.

அவன் மகன் ஆல்பர்ட் விக்டர்
இங்கே வந்து
லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினான்.
ஊர் திரும்பி, இரண்டு வருஷம் போய்,
நம் தை பிறந்த வாக்கில்
சளிக்காய்ச்சல்.
இருபத்தெட்டு வயது.
நிச்சயித்த பெண்ணைத் தம்பி கட்டிக்கொண்டான்.
அவர்களின் இரண்டாவது பையனுக்கும்,
வேறென்ன, ஆல்பர்ட்.
கொள்ளுத்தாத்தா செத்த தேதியில் பிறந்த குற்றம்.
அவனும் அரியணை ஏறுகையில் ஜார்ஜ் ஆகிவிட்டான்.

"எங்கேடா படிச்சே இதெல்லாம்?"
"பூக்கண்காட்சி டிராஃபிக்ல மாட்டி நின்னேன்.
போன்ல சார்ஜ் இருந்துச்சு."

சாமராஜபேட்டை ஆல்பர்ட் விக்டர் சாலை
இப்போது ஆலூர் வெங்கடராவ் சாலை.
பழைய பெயரில் முகவரி எழுதுகிற ஒரு வக்கீலுக்கு மட்டும்
லோபோதான் போவான்.
எங்களுக்கு வழி தெரியாது.

ஆகஸ்டில் சவரிமுத்து மகனுக்கு
ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்தது.
நாகேந்திரப்பா மார்க்கரைத் தேடி எடுத்தார்.
லோபோ ஒன்று. நான் இரண்டு.
"வாழ்க மன்னர்" என்று
அவன் தலையில் காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தோம்.
பிரியாணி அவன் செலவு.

செப்டம்பரில் டெங்கு.
விக்டோரியா ஆஸ்பத்திரி.
ஆறாம் நாள்.

மறுவாரம் அவன் ரூட் எனக்கு வந்தது.
மார்க்கரை யாரும் தேடவில்லை,
நானும் கேட்கவில்லை.
வக்கீல் வீட்டுக்கு நான்கு பேரிடம் வழி கேட்டுப் போனேன்.
சித்தாபுரத்தில் ஒரு இரும்பு கேட்.
உள்ளே பழுப்பு நாய், குரைத்துத் தீர்த்தது.
"ஏய் சும்மா இரு, நம்ம ஆல்பர்ட் தானே" என்றாள்
மாடியிலிருந்து, போனைப் பார்த்தபடியே, அந்தப் பெண்.
கீழே எட்டிப் பார்க்கவில்லை.
ஓடிபி சொன்னாள்.
நானும் ஆமாம் மேடம் என்றேன்.

இரவில் என் கணக்கில்
ஐந்து நட்சத்திரம்:
ஆல்பர்ட் நல்லவர்,
எங்கள் நாய்க்கு எப்போதும் பிஸ்கட் தருவார்.

இப்போது வண்டிப் பெட்டியில்
ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன்.
நாய் வாங்கித் தின்னும்.
தின்றுவிட்டு
என் தோளுக்கு மேலாகத்
தெருமுனையைப் பார்க்கும்.
பிறகு குரைக்கும்.