திரிதல்

குளிர்பெட்டியில், இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவிலான குளிரில்,
ஒரு சின்னப் புட்டியில் பால் இருக்கிறது.
மாட்டுப் பாலில்லை. மரத்துப் பாலுமில்லை.
எங்கோ ஓர் ஆலையில்
பிளாஸ்டிக்கை மணியாக்கி
கண்ணுக்கு எட்டாத அளவுக்கு நுணுக்கி
தண்ணீரில் மிதக்கவிட்டு
மணிக்கு மணி மனிதப் புரதத்தில்
ஒரு சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.
பெயர் மட்டும் ஊருக்குத் தெரிந்த பெயர்: லேடெக்ஸ்.
பகாவில் அந்தச் சொல்
ஆசிட் வாடையோடுதான் மூக்கில் ஏறும்.

புட்டியை உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது.
அடியில் படிந்தவை எழுந்து பரவ வேண்டும்.
"இத்தனை நெருக்கத்தில் ஏன் ஒட்டிக்கொள்வதில்லை?"
ஊசி போடும் ஹஃபிஸா ஒருநாள் கேட்டாள்.
எல்லாவற்றுக்கும் ஒரே மின்னூட்டம், என்றேன்.
ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவில்
இருபது வருடம் பேசாமலே குடியிருந்த
இரண்டு வீடு நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை. மலாயில் அது நீளும்.

இன்று காலை
பூங்காவனம் த/பெ லெட்சுமணன், ஐம்பத்து மூன்று.
கையுறை ஆலை; அதற்கு முன்னால் மரம் சீவல்.
கையை நீட்டச் சொன்னோம்.
கை வந்தது, விரல்கள் வரவில்லை.
"காலைல பித்தான் போட முடியல, மிஸ்ஸி."
நான் மிஸ்ஸி இல்லை. திருத்தவில்லை.

கறுப்புத் தகட்டில் அவர் ஊனீர் ஒரு சொட்டு,
அந்தப் பால் ஒரு சொட்டு.
குச்சியால் கலக்கி
தகட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தேன்.
அரை நிமிடம்கூட ஆகவில்லை,
திரிந்துவிட்டது.
வெள்ளையாய், மணல் மணலாய்,
நடுவில் தெளிந்த தண்ணீர்.
தடுப்புக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து
எட்டிப் பார்த்துவிட்டார்.
"மழத்தண்ணி விழுந்த கோப்ப மாதிரி இருக்கே.
அன்னிக்கு அரைப் பேருதான்."

பாசிட்டிவ் என்று எழுதினேன்.
உடம்பு தன் காவல்காரனையே
திருடனென்று பிடித்துக் கட்டுகிறது;
அந்தக் கயிற்றில்
மணியோடு மணி மாட்டிக்கொள்கிறது.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது?
டாக்டர் சொல்வார் என்றேன்.

மாலை ஐந்தே கால்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
வளைவில் கியர் மாற்றும் சத்தம்.
ஹஃபிஸா என் கையில் ஊசி போட்டாள்,
ஏன் என்று கேட்கவில்லை,
பஞ்சை அழுத்திவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

பிரபாவதி, ஆய்வக உதவியாளர், முப்பத்தொன்பது,
இடதுகை நடுவிரல்
மூன்று மாதமாய் விடியலில் மடங்கியே விழிப்பவள்,
தகட்டில் தன் பெயரை எழுதாமல்
பதினெட்டு என்று எழுதினாள்.

திரிய வேண்டிய சொட்டு திரிந்தது.
திரியக் கூடாதது திரியவில்லை.
ஆக, புட்டி பொய் சொல்லாது.
பதினெட்டு:
முதல் நிமிடம், பால்.
இரண்டாம் நிமிடம், பால்.
கடிகாரம் கத்தியது.
நெகட்டிவ், என்று எழுதி, கோடும் போட்டேன்.

பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அச்சாகியிருக்கிறது:
இரண்டு நிமிடத்துக்குப் பின் தெரிவதை
வாசிக்க வேண்டாம்.
காய ஆரம்பித்தால் எதுவும் திரியும்.
புதிதாய் வேலைக்கு வரும் எல்லாரிடமும்
நானே சொல்வது.
மஞ்சள் வாளி காலடியில்தான் இருக்கிறது.

தகட்டை விளக்கடியில் சாய்த்தேன்.
ஓரத்தில்,
சொட்டின் மிக ஓரத்தில்,
ஒரு பொடி.
இல்லை, இரண்டு.
காய்ந்ததா, கட்டியதா?

வாளியில் போட்டு மூடினேன்.
கையுறையைக் கழற்றினேன்.
நான்கு விரல் உரிந்து வந்தது.
ஐந்தாவதை,
பூங்காவனத்தின் ஆலையில்
முக்கியெடுத்த பாலாய்க்கூட இருக்கலாம்,
விரல் விடவில்லை.