கடைசிப் பக்கத்துக்கு ஒரு கிளிப்

வால்டிவியாவில் ஜூன் மாத மழைக்கு
ஓய்வு கிடையாது.
ஆற்றங்கரை மீன் சந்தையில்
கடல் சிங்கங்கள் மட்டும்
குடையில்லாமல் கொட்டாவி விடுகின்றன.

வீட்டில் விறகடுப்பைச் சுற்றி
நாலு பேர், நாலு புத்தகம்.
ஒருவர் புத்தகத்தை இன்னொருவர்
ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

எனக்குக் கொலை வேண்டும்.
முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழவேண்டும்.
அதிலும் ஒரு கெட்ட பழக்கம்,
கடைசிப் பக்கத்தில் போய்
ஆள் யாரென்று தெரிந்துகொண்ட பிறகுதான்
நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வருவேன்.
அண்ணன் ரொசாமெலுக்குப் பேய்.
அண்ணி யாஸ்னாவுக்குக் காதல்,
அதுவும் குறைந்தது இரண்டு கப்பல் பயணத்தோடு.
அவர்கள் மகன் நவேல், பன்னிரண்டு வயது,
எரிமலை இல்லாத எதையும்
புத்தகமென்றே ஒப்புக்கொள்ளமாட்டான்.

மின்சாரம் போன ஒரு ராத்திரி
யாஸ்னாதான் ஆரம்பித்தாள்:
"எல்லாரும் கையில இருக்கிறதை
இடப்பக்கம் கொடுங்க.
முப்பது பக்கம் தாண்டாதவங்க
ஒரு வாரம் பாத்திரம் கழுவணும்."

எனக்கு வந்தது அவளுடைய காதல்.
நாற்பது பக்கம் வரை ஒருவரும் சாகவில்லை.
தபால்காரன் மேல் எனக்குச் சந்தேகம்,
தேவையில்லாமல் இரண்டு முறை மணி பார்த்தான்.
நூற்றிப் பத்தாம் பக்கத்தில்
அவள் ஒரு கையுறையை முகர்ந்துவிட்டு
மேசை மேல் திரும்ப வைக்கிறாள்.
அவ்வளவுதான் நடந்தது.
மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
"அழுதியா?" என்றாள் யாஸ்னா.
அடுப்புப் புகை என்றேன்.
அடுப்பு அணைந்து ஒரு மணி நேரமாகியிருந்தது.

அண்ணன் லாரி ஓட்டுகிறவன்.
இருபது வருடமாக வில்லாரிக்கா மலையடியில் போய்வந்தும்
"பனி இருக்கு", "பனி இல்லை"
இதற்கு மேல் அந்த மலையைப் பற்றி
ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அடுத்த செவ்வாய்க்கிழமை போன் வந்தது,
எனக்கல்ல, மனைவிக்கல்ல.
"நவேல், புகை இன்னிக்கு
ஒரு பக்கமா சாஞ்சு போகுது.
வெறும் காத்தா?
இல்ல, அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"
பையன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
பக்கம் பக்கமாகப் புரட்டினான்.
அப்பாவும் மகனும் அவ்வளவு நேரம் பேசி
நான் கேட்டதில்லை.

பிறகு வந்த சுற்றில்
எனக்குப் பேய் விழுந்தது.
நான் வேலை பார்ப்பது இரவு மருந்துக்கடை.
காலியான கடை, குழல்விளக்கின் ரீங்காரம்,
கதையில் கிணற்றுக்குள்ளிருந்து
யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், ஏழு, ஆறு...
வயிற்றில் புளியைக் கரைத்த அந்த நேரத்தில்
கதவு மணி.
நான் போட்ட அலறலில்
காய்ச்சல் சிரப் கேட்டு வந்த மனிதர்
இருமல் மாத்திரை அடுக்கைச் சாய்த்துவிட்டார்.
இரண்டு பேருமாய்ப் பொறுக்கினோம்.
போகும்போது கேட்டார்,
"அந்தப் புத்தகத்தோட பேரென்ன?"
சிரப் ரசீதின் பின்புறம் எழுதிக்கொடுத்தேன்,
தனியாக இருக்கும்போது வேண்டாம் என்ற குறிப்போடு.
அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.
படித்தாரோ, பயந்தாரோ.

நவேலுக்கு என் கொலைக் கதையைக் கொடுத்த அன்று
கடைசி இரண்டு தாளை
இரும்புக் கிளிப் போட்டுப் பூட்டியிருந்தேன்.
என் புத்தி அவனுக்கு வேண்டாமே என்று.
மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தான்.
கிளிப் போட்ட இடத்திலேயே இருந்தது.

"யாருன்னு பார்க்கலையாடா?"

"அந்தத் தோட்டக்காரர்
நாய்க்குட்டிக்குக் கால்ல கட்டுப் போட்டாரில்ல, அத்தை.
ஒருவேளை அவர்தான்னு வந்துட்டா?
அதான் அங்கேயே நிறுத்திட்டேன்."

எனக்குத் தெரியும்.
வாங்கிய அன்றே, கடையில் நின்றபடியே,
தெரிந்துகொண்டுவிட்டேன்.
நாய்க்குட்டி இருந்ததுதான்
நினைவில்லை.

கிளிப்போடு அலமாரியில் வைத்துவிட்டுப்
பாத்திரம் கழுவப் போனேன்.
அன்று என் முறை இல்லை.