பாதிக் கிளச்

வுல்வெண்டால் ஏற்றத்தில்
நாலாவது தடவையும் கார் செத்துப்போயிற்று.
பின்னால் வெங்காயம் ஏற்றிய லொறி,
அதன் பின்னால் ஐந்து ஓட்டோ,
அதற்கும் பின்னால்
கொட்டாஞ்சேனை முழுக்க நிற்பதுபோல் ஹோர்ன்.

சமிந்துவுக்கு என் பாதி வயது.
மடியில் மாலுபாண் பை.
"ஹெமின், மிஸ், ஹெமின்.
லொறிக்குப் பிரேக் இருக்கு."

நேற்றிரவு புட்டுக்கு மா குழைக்கையில்
அகப்பைக் காம்பு இடது கைக்கு மாறி
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனது.
இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்:
"ஓட்டோமெட்டிக் எடுத்தால் இந்தக் கரைச்சல் இல்லையே."
எடுத்துத் தருவார்தான்.
பிறகு அவரே ஓடுவார்.
இருபது வருடமாய்
இடப்பக்கச் சீற்றில் இருந்து
இல்லாத பிரேக்கை மிதித்த கால் இது.

பதினெட்டாம் திகதி வேரஹெரவில் சோதனை.

ஹேன்ட் பிரேக் மேலே. கியர் ஒன்று.
கிளச்சை விடுகிறேன்,
அரிசி களைந்த தண்ணீரை வடிப்பதுபோல,
ஒரு மணியும் போகாமல்.
ஓரிடத்தில் பொனட் இலேசாக நிமிர்கிறது.
உள்ளங்காலில் ஒரு நடுக்கம்.
முன்னே போகவுமில்லை, பின்னே உருளவுமில்லை.
இந்த இடத்தைத்தானா
ஒரு மாதமாய்த் தேடினேன்!
கண்டதும் விட மனமில்லை,
இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்.

லொறிக்காரன் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறான்.
கத்தட்டும்.

சமிந்து மாலுபாணைக் கடிக்கிறான்,
தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து
காலை எடுத்து
மடித்துக்கொண்டு.