அளவெடுக்கப் போன வீடு

இலஞ்சி விலக்கில் இறங்கி
குளக்கரை வழியே அரை மைல்.
பையில் தென்காசி கோர்ட்டு ஆணை,
நாடா, தூக்குக்குண்டு, மதியச் சோறு.
பங்கு கேட்போர் இருபத்து மூன்று பேர்.
வீடு ஒன்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
ஆவுடைநாயகம் பிள்ளை கட்டியது.
நிலாவாரை இலையைக் காயவைத்து
மூட்டையாய் அழுத்தி
தூத்துக்குடியில் கப்பலேற்றியவர்.
சீமைக்காரர் வயிறு இளகிய காசில்
இங்கே சுவர் இறுகியது.

வாசல் மேற்குப் பார்த்தது.
சாத்திரம் சொல்ல வந்தவரிடம்
"காத்து எங்கிட்டு வருதோ அதாம்வே வாசல்"
என்றாராம்.
ஆரியங்காவுக் கணவாயில் ஆனியில் புறப்படும் காற்று
முன்கூடத்தில் ஏறி, ஹாலைக் கடந்து
பின்கட்டில் இறங்கிப் போகிறது இன்றும்,
பத்திரத்தில் பெயர் இல்லாமலே.

சுவர் இரண்டடி மூன்று அங்குலம்.
சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணியும் கடுக்காயும்;
ஆணி இறங்கவில்லை.
உத்தரம் ரங்கூன் தேக்கு.
ஓடு கொல்லத்திலிருந்து, புதிதாய் விட்ட மலைரயிலில்.
ஜன்னல் பலகையை எந்தச் சாய்வில் நிறுத்தினால்
சாரல் முகத்துக்கு வரும், மெத்தைக்கு வராது என்று
பூதலிங்க ஆசாரி
ஓர் ஆடி முழுக்க நனைந்தபடி பார்த்தாராம்.
வருஷத்தில் மூன்று மாதம் ஆட்கள்.
மிச்சத்துக்குப் பூட்டு.

கலெக்டர் தங்குவார் என்று
கீழறையில் ஒரு கணப்பு,
இங்கிலீஷ் படம் பார்த்துச் செய்தது.
உள்ளே கைவிட்டுத் தடவினேன். கரி இல்லை.
கலெக்டர் வரவில்லை.
புகையே அறியாத புகைபோக்கியில்
ஏதோ குருவியின் வைக்கோல்.

கணக்கு உதைத்தது மாடியில்தான்.
உள்ளளவுக்கும் வெளியளவுக்கும்
மூன்றரை அடி துண்டு விழுந்தது.
மறுபடி நாடா பிடித்தேன். அதே மூன்றரை.

பின்பக்கம் சுற்றிப் போனேன்.
உன்னிப் புதருக்குள் துருவேறிய சுருள்படி;
மேலே போய்
கக்கூஸின் பின்சுவரில்
இடுப்புயரக் கதவொன்றில் முடிகிறது.
வீட்டுக்குள் எங்கே நின்றாலும் தெரியாது.
தெரியக் கூடாதென்றே
அதையும் ஒருவர் அளவெடுத்திருக்கிறார்.

படிகளில் வார்த்த பூ
நடுவில் மட்டும் மழுங்கிக் கிடந்தது.
கைப்பிடி ஒரு பக்கம்தான்.
மறுகை வாளிக்கு.

யார் ஏறியது என்றேன்.
தெரியாது சார் என்றார் வாட்ச்மேன் பேச்சிமுத்து.
கேட் வரை கூட வந்து,
"மாடத்தின்னு ஒருத்தி. பொறகு அவ மருமக.
வேற கேக்காதீங்க."

மூல வரைபடம் லினன் துணியில், நீல மையில்.
கணப்பு இருக்கிறது, பூவேலைப்பாடு குறையாமல்.
படி இல்லை.

நான் போட்டேன்.
ஒன்றுக்கு ஐம்பது அளவில்
ஒரு வட்டம், அதற்குள் பதினேழு கோடு.
மதிப்புக் கலத்தில்
'பழைய இரும்பு' என்று எழுதி, அடித்து,
காலியாக விட்டேன்.

பஸ்ஸில் வரும்போது சும்மா வகுத்துப் பார்த்தேன்.
இருபத்து மூன்று பேர், பதினேழு படி.
ஆளுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.