கலண்டர்த் தாளின் பின்பக்கம்

மே மாதத் தாளைக் கிழித்து
பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
நெல்லு ஏழு மூட்டை.
உரமில்லாத போகம். முந்தின வருசம் இருபத்திரண்டு.
ஏழில் இரண்டு விதைக்கு.
தொடக்கூடாது என்று எழுதி
அடியில் கோடும் போட்டேன்,
தொடுவோம் என்று தெரிந்துதான்.

ஐந்து மூட்டை, ஐந்து வாய்.
இராச்சோற்றைக் கஞ்சியாக்கினால்
ஐப்பசி வரைக்கும் இழுக்கலாம்.
அருவிவெட்டு மாசியில்.
நடுவில் கிடக்கும் மாதங்களுக்கு
வேலி நெடுக மரவள்ளித் தடி ஊன்றியிருக்கிறேன்.
பன்றி விட்டுவைத்தால் கிழங்கு.

காஸ் சிலிண்டர் வெறுமையாய் மூலையில்.
ஆரபி அதன்மேல் புத்தகப்பையை வைக்கிறாள்.
பாலை விறகு பத்துக் கட்டு,
காட்டுக் கந்தோர்க்காரர் காணாத பக்கம்.
நெருப்புப்பெட்டி ஒரு டசின்,
சொப்பிங் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள்.
உப்பு பத்துக் கிலோ.
"உப்புக்கென்ன தங்கச்சி தட்டுப்பாடு?"
கடைக்காரர் சிரித்தார். மன்னாரிலிருந்து வந்து
கடை போட்ட மனிசன்.
காசை எண்ணிக் கொடுத்தேன்.

ஒட்டுசுட்டான் பெற்றோல் செட்டில்
கேதாரன் நாலு இரவு கிடந்தார்.
லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் படுக்கை,
நுளம்புக்கு வேப்பிலைப் புகை.
ஐந்தாம் நாள் பத்து லீற்றரோடு வந்து
கானை இறக்கி வைத்துவிட்டு
குளிக்காமல் நித்திரையாகிப் போனார்.
பிள்ளையைத் தூக்குகிறமாதிரித்தான்
அந்தக் கானை நான் உள்ளே தூக்கினேன்.

அன்று பின்னேரம் இராசகிளி வந்தாள்,
வெறும் போத்தலை முந்தானைக்குள் மறைத்து.
மண்ணெண்ணெய் கேட்கவில்லை.
மழை பெய்யுமோ என்றாள்,
மாடு கன்று போட்டதோ என்றாள்.
தாளில் அவளுக்கு ஒரு வரியும் இல்லை.
அரைப் போத்தல் வார்த்தேன்.
போகும்போது வேலியருகில் நின்று
என் மரவள்ளித் தடி ஒன்றை நிமிர்த்திவிட்டுப் போனாள்.

இடதுகரையில் இரண்டு வீட்டில்
கான் களவு போய்விட்டது.
"புதைப்பம்" என்றார் கேதாரன்.
மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால்
மண்வெட்டியோடு இறங்கினார்.
பத்து லீற்றர்க் கானுக்கு
எவ்வளவு குழி வேண்டும்?
முழங்கால் ஆழம்.
இடுப்பளவு போய்விட்டது,
அப்புறம் மண்வெட்டி பக்கவாட்டில் திரும்பியது.
நான் கிள்ளிக் கொண்டிருந்த முருங்கை இலை
சுளகிலேயே கிடந்தது.

ஆரபி எட்டிப் பார்த்தாள். பத்து வயது.
"ஏனப்பா 'ட' மாதிரி வெட்டியிருக்கிறீங்கள்?"

அவர் நிறுத்தினார்.
குழிக்குள் நின்றபடி என்னைப் பார்த்தார்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
ஒரு கொக்கு, குளத்துப் பக்கமாய்.

"இந்தப் பக்கம் டீசல்,
அந்தப் பக்கம் விதைநெல்லு" என்றேன்.
"நெல்லு டீசல் மணக்காதோ அம்மா?"
மணக்கும்தான்.
நெல்லை வீட்டுக்குள்ளேயே வைத்தோம்.
கானைத் தகரத்தால் மூடி
சாணியும் வைக்கோலும் பரப்பினார்.
மற்றப் பக்கம் சும்மா கிடக்கிறது,
ஒரு ஆள் குந்தியிருக்கக் காணும்.

மழைக்கு முன் அதை மூடவேண்டும்.
ஐப்பசிக்கு நேரே எழுதிவைத்தேன்.
கோடு போடவில்லை.