இடைக்கால எலும்பு

இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது,
காது மரக்கவில்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
உளி. சுத்தியல். மறுபடி உளி.
பதினெட்டு வருஷம் ஜெகதேவி குவாரியில்
கல்லுக்குத் துளை போட்டவன் நான்.
அடி விழுகிற விதத்திலேயே தெரிந்தது
தண்டு எலும்பை விட்டு வர மறுக்கிறதென்று.
"ஆப்பைக் கொஞ்சம் சாய்த்து வையுங்க சார்"
நாக்கு நுனிவரை வந்தது.
"பேசாமப் படுங்க சென்றாயன்" என்றாள்
தலைமாட்டில் நின்ற மயக்க மருந்துப் பெண்.

மாசியில் வைத்த இடுப்பு.
வைகாசியில் போச்சம்பள்ளி சந்தையிலிருந்து
முரண்டு பிடித்த கிடாயை இழுத்து வந்தேன்.
ஆடியில், தழும்போரம்
ஒரு கடுகளவு துளை.
லுங்கியில் ஒரு ரூபாய் அகலக் கறை.
கெம்பம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள்.
மறுநாளும்
அதே இடம், அதே அகலம்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்:
"குவாரிக் குழியில் தண்ணி நின்னா
கல்லு மேல பாசி கட்டுமா?"
கட்டும். வழுக்கி விழுந்திருக்கிறேன்.
"தண்ணி ஊத்தினாப் போகுமா?"
போகாது.
"இரும்பிலயும் அப்படித்தான்.
ரத்தம் ஓடாத இடத்துக்கு மாத்திரை போய்ச் சேராது.
கழற்றணும்."

கழற்றிய குழியில்
மருந்து பிசைந்த சிமெண்ட் உருண்டை.
இடைக்கால எலும்பாம்.
"மூட்டை என்ன விலைங்க?" என்று கேட்டாள் கெம்பம்மா.
அவளுக்குத் தெரிந்த சிமெண்ட்
இன்னும் கடனில் நிற்கிறது,
பூசாத எங்கள் பின்சுவரில்.

ஆறு வாரம். கையில் குழாய்.
காலை ஒரு பாட்டில், ராத்திரி ஒரு பாட்டில்.
எழுத்தறியாதவள்
பரிசோதனைத் தாளில் சி.ஆர்.பி. வரியை மட்டும்
விரல் வைத்துக் கண்டுபிடிக்கப் பழகினாள்.
நூற்றுப் பன்னிரண்டு.
எழுபது.
எழுபத்தாறு, அன்று அவள் சாப்பிடவில்லை.
முப்பத்தொன்று.
பக்கத்துக் கட்டிலில்
தொப்பூர்க் கணவாயில் கவிழ்ந்த டிரைவர்:
"உன் கால் குட்டையாப் போச்சு,
என் கால் தூக்குல தொங்குது, யாருக்குப்பா லாபம்?"
ஆறுக்கு இறங்கிய அன்று
அவர் கட்டில் வரைக்கும் ஆரஞ்சு கொடுத்தாள்.

இரண்டாம் முறை முழுமயக்கம்.
என்ன அடித்தார்கள், எப்படி அடித்தார்கள்,
தெரியாது. அதுதான் குறை.

பிசியோதெரபி ஹாஜிரா கறார்.
குந்தக்கூடாது. கால் மேல் கால் கூடாது.
தாழ்ந்த மணை கூடாது.
டீக்கும், பீடிக்கும், சோற்றுக்கும், கொல்லைக்கும்
குந்தியே வாழ்ந்தவனிடம்
இதைச் சொல்லிவிட்டு
படிக்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.
"ஏறும்போது நல்ல கால் முதல்ல,
இறங்கும்போது கெட்ட கால்."
கெட்ட கால்னு சொல்லாதீங்கம்மா, என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"சரி. புதுக்கால்."
மூன்று படி. நாலாவதில்
கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.
வலி இல்லை, அதனால்.

நல்ல கல்லைத் தட்டினால் கணீரென்னும்.
உள்ளே வெடிப்பிருந்தால்
சத்தம் பாதியில் அமுங்கும்.
தூக்கம் வராத ராத்திரிகளில்
விரல்முட்டியால் இடுப்பைத் தட்டிப் பார்க்கிறேன்.
சதை ஒன்றும் சொல்வதில்லை.

விடிந்ததும் லுங்கியைத் தேடினால்
கொடியில் கிடக்கிறது,
துவைக்காமலே,
இடுப்புப் பக்கம்
வெளிச்சத்துக்குத் திருப்பி விரித்தபடி.
எனக்கு முன்னால் பார்த்துவிட்டு
அடுப்படியில் எதையோ உருட்டுகிறாள் கெம்பம்மா.