இடது விளக்கு

மூன்றில் முடியும் எண்கள்
புதன்கிழமை உலான்பாத்தருக்குள் இறங்கக் கூடாது.
என் எண் மூன்றில் முடிகிறது.
அதனால்தான் இந்தக் குளிரில்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்றில்,
முற்றத்தில் பானெட்டைத் தூக்கி
நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நான்கு இரவு ஒற்றைக் கண்ணோடு ஓட்டியாயிற்று.
எதிரே வந்த லாரிக்காரன்
மோட்டார் சைக்கிள் என்று நினைத்து
என் பாதிச் சாலையையும் எடுத்துக்கொண்டான்.
குடித்திருந்த ஒருவர்
இறங்கும்போது பாதிக் காசு நீட்டினார்:
"பாதி வெளிச்சத்துக்குப் பாதி."
சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன்.

புது பல்பு காலையிலிருந்து
என் உள்சட்டைப் பையில் இருக்கிறது, பெட்டியோடு.
அடைகாக்கிறேன்.
சந்தையில் கடைக்காரப் பெண் சொன்னாள்,
"ஜோடியாகத்தான் மாற்றணும் அக்கா."
அடுப்புக்கரி மூட்டை விற்கிற விலையில்
ஜோடியாவது ஒன்றாவது.
ஒன்று போதும் என்றேன்.

பெட்டியின் மேல் ஒரு படம்:
கை, அதன் குறுக்கே சிவப்புக் கோடு.
விரல் எண்ணெய் பட்ட இடத்தில்
சூடு கூடிக் கூடி
கண்ணாடி ஒருநாள் வெடித்துவிடுமாம்.
வெறுங்கை முழம் போடாது.
பல்பும் போடாது.
தோல் கையுறையோடு உள்ளே விட்டால்
கரடிக் கை போல் பாதியில் நிற்கிறது.
கழற்றினால்
இரும்பு என் தோலைக் கேட்கிறது.
கடைசியில் தெல்கெரின் பள்ளி அணிவகுப்புக் கையுறை,
வெள்ளை, மெல்லிசு,
இரண்டு விரலில் தையல் விட்டது.
மகளிடம் கேட்கவில்லை.

இடது பக்கத்தில் கண்ணுக்கு வேலையில்லை.
விரல்தான் பார்க்கிறது:
பிளக், அதன் முதுகில் ஒரு நாக்கு.
ரப்பர் மூடி, வறட்டி போல் விறைத்தது.
அப்புறம் அந்தக் கம்பிக் கொக்கி.
அழுத்து, தள்ளு, விடு.
விட்டேன்.
மொளியில் ஒரு கீறல்.
இரத்தம் வர நேரமெடுத்தது,
அதற்கும் குளிர்.

பழையதைக் காதருகே ஆட்டினேன்.
உள்ளே அறுந்த இழை
சின்னதாக எதையோ தட்டியது.
விமான நிலையம், தர்ஹான் சாலை,
பிரசவ ஆஸ்பத்திரி வாசலுக்கு மூன்று முறை.
எல்லாம் இந்த முடியளவு கம்பியிலா?

புதியதற்கு மூன்று காது.
அங்கே மூன்று பள்ளம்.
ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும்.
மற்ற எல்லா விதத்திலும் வைத்துப் பார்த்தேன்.

உட்கார்ந்தபோது ஐந்து மணி, இருட்டு.
சுவிட்சைத் திருப்பினேன்.
பலகை வேலி முழுக்க வெளிச்சம்.
இடுக்கு வழியே கோடு கோடாக
ஹந்த்சூரனின் முற்றத்துக்குள் போய் விழுந்தது.

இலையுதிர் காலத்திலிருந்து பேச்சில்லை.
சாம்பல்.
யார் பக்கம் யார் கொட்டினார்கள் என்பதில் சண்டை.

"அணை அதை!"
கை சுவிட்சுக்குப் போனது.
"இரு. வேண்டாம். அப்படியே இரு."
வேலிக்கு அந்தப் பக்கம்
ஒரு நிழல் குனிந்தது, நகர்ந்தது, மண்டியிட்டது.
பனியைக் கையால் வழிக்கும் ஓசை.
வெகுநேரம் கழித்து,
"கொஞ்சம் வலப்பக்கம்."

பிரியஸ் சத்தம் போடாமல் நகரும்.
ஸ்டியரிங்கை ஒடித்து மெல்ல விட்டேன்.
இன்று முழுதும் என் வண்டி ஓடியது
ஒரு முழம்.

என்ன தேடினாள் என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
ஒரு பூட்டு திறந்தது,
இறுகிப்போன இரும்புக் கதவு ஒன்று இழுபட்டது.
பிறகு அவள் நாய் மட்டும் என்னைப் பார்த்து
வழக்கம்போலக் குரைத்தது.

அணைப்பதற்கு முன் முன்னால் போய் நின்றேன்.
வலது, உப்புத் தேநீரின் நிறம்.
இடது, வெறும் பால்.
பொருந்தவில்லை.
நாளை இரவு எதிரே வருகிறவனுக்கு
இரண்டும் சேர்ந்து
ஒரு வண்டியாகத் தெரிந்தால் சரி.